ஃபர்ம்வேர் தப்பாகச் சொன்னால் கர்னல் என்ன செய்யணும்? ரைசன் லேப்டாப்பில் லினக்ஸ், என் விமர்சனம்

இந்த விமர்சனம் லினக்ஸ் கர்னலுக்கு, அதாவது ஹார்டுவேரை நேராக ஓட்டும் லினக்ஸின் மையப் பகுதிக்கு. ஃபர்ம்வேர் என்பது கம்பெனி மெஷினுக்குள் எழுதிவைத்து அனுப்பும் அடிப்படை மென்பொருள். லேப்டாப்பை யார் செய்தார்கள், டர்பனில் எந்தக் கடையில் வாங்கினோம் என்பதை எழுதப் போவதில்லை. லினக்ஸ் போட்டதும் கீபோர்டு செத்துப்போகும் இந்தக் கோளாறு பல கம்பெனி மெஷின்களில் வந்திருக்கிறது. ஒரு பெயரை மட்டும் போட்டால் மற்றதெல்லாம் சுத்தம் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு நான்கு. போன அந்த ஒரு மதிப்பெண்ணைப் பற்றித்தான் நிறைய எழுதப் போகிறேன்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். பிள்ளைகளை விடப் பெரியவர்களுக்குத்தான் தட்டச்சில் ஆர்வம் அதிகம், பேரப்பிள்ளைக்குத் தமிழில் நாலு வரி அனுப்ப வேண்டும் என்று வருகிற ஆயாக்களும் தாத்தாக்களும். அவர்களுக்காக ஏஎம்டியின் ரைசன் சிப் போட்ட லேப்டாப் ஒன்றை வாங்கி, கூட வந்த விண்டோஸை ஓரமாக வைத்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸ் தொகுப்பைப் போட்டோம். இங்கே தென்னாப்பிரிக்காவில் வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-ல் தொடங்கிவைத்தது என்பதால் எங்களுக்கு அதன் மேல் கொஞ்சம் ஊர்ப்பாசமும் உண்டு. பட்டன்கள் மேல் தமிழ்99 தட்டச்சு முறைக்கான ஸ்டிக்கர் ஒட்டினோம். லாகின் திரை வந்தது, ஒரு எழுத்தும் விழவில்லை. டச்பேட் ஓடுகிறது, திரை பளிச்சென்று இருக்கிறது, வைஃபை பிடிக்கிறது, கீபோர்டு மட்டும் செத்துக் கிடக்கிறது.

"யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிவிடு தம்பி" என்றார் வகுப்பெடுக்கும் அக்கா. செருகினால் வேலை செய்யும்தான், அது வருகிற பாதையே வேறு. ஆனால் ஸ்டிக்கர் இருப்பது லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டில். தவிர, டிஸ்க்குக்குப் பூட்டுப் போட்டவர்கள் மெஷின் ஏறும்போதே (பூட் ஆகும்போதே) பாஸ்வேர்டு அடிக்க வேண்டும், எங்கே போனாலும் கூடவே ஒரு யூஎஸ்பி கீபோர்டைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மெஷின் ஏறும்போது எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்கும் க்ரப் மெனுவில் அம்புக்குறிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன, விண்டோஸிலும் எல்லா எழுத்தும் விழுகிறது. க்ரப்புக்குக் கீபோர்டைப் படித்துக் கொடுப்பது ஃபர்ம்வேர். கர்னல் பொறுப்பை எடுத்துக்கொண்ட நொடியில்தான் எழுத்து நின்றுபோகிறது. அப்படியென்றால் ஹார்டுவேரில் பழுது கிடையாது. பட்டன் அழுத்தும்போதெல்லாம் கீபோர்டு கூப்பிடுகிறது, கர்னலுக்குக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? ஒரு கருவி கர்னலைக் கூப்பிடும் அழைப்புக்கு இன்டரப்ட் என்று பெயர், பழைய பிசி காலத்திலிருந்தே கீபோர்டுக்கு இன்டரப்ட் எண் 1. அந்தக் கம்பியில் வரும் சமிக்ஞையைப் புரிந்துகொள்ள கர்னலுக்கு இரண்டு விவரம் தெரிந்தாக வேண்டும். மின்னழுத்தம் மாறும் அந்தக் கணத்தை மட்டும் எண்ண வேண்டுமா, இல்லை அழுத்தம் நிலையாக நிற்கும் வரை "வேலை பாக்கி இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பது ஒன்று. முதலாவது எட்ஜ், இரண்டாவது லெவல். மேலே போனால் அழைப்பா, கீழே இறங்கினால் அழைப்பா என்பது இன்னொன்று. இதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டியது ஃபர்ம்வேர். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-ல் வெளியிட்ட ஏசிபிஐ என்ற ஏற்பாட்டில் இதற்கு அட்டவணைகள் இருக்கின்றன, இப்போது அந்த ஏற்பாடு யூஈஎஃப்ஐ ஃபோரம் என்ற கம்பெனிகள் கூட்டமைப்பின் கையில். சிக்கல் என்னவென்றால் விவரம் ஒரே இடத்தில் இல்லை. டிஎஸ்டிடி என்ற அட்டவணை ஒவ்வொரு கருவியையும் வருணிக்கிறது, எம்ஏடிடி என்ற இன்னொன்று பழைய இன்டரப்ட் கம்பிகளில் விதிவிலக்கு ஏதாவது இருந்தால் அதைச் சொல்கிறது. எம்ஏடிடி வாய் திறக்கவில்லையென்றால் ஐஎஸ்ஏ என்ற பழைய பிசி இணைப்பு முறையின் வழக்கம் செல்லும்: எட்ஜ், மேலே.

ரைசன் 6000 வரிசை லேப்டாப்களில் கீபோர்டுக் கம்பி கீழே இறங்கித்தான் அழைக்கிறது. டிஎஸ்டிடியிலும் அப்படியே எழுதியிருக்கிறது. எம்ஏடிடியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கர்னல் இரண்டையும் பார்த்து, டிஎஸ்டிடியைத் தள்ளிவிட்டுப் பழைய வழக்கத்தை எடுத்துக்கொண்டது. கர்னல் பதிவை (லாக்) திறந்தால் ஐஆர்க்யூ 1-ஐ, அதாவது இன்டரப்ட் 1-ஐ, எட்ஜ், ஹை (மேலே) என்று மாற்றியதாக ஒரு வரி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. கீபோர்டு செத்ததற்கான காரணம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது, ஆனால் அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர் நாட்டில் எத்தனை பேர்?

கர்னலைத் திட்டுவதற்கு முன்னால் அதன் பக்கத்தையும் சொல்ல வேண்டும். டிஎஸ்டிடியை அது சந்தேகப்பட்டதற்குக் காரணம் உண்டு, அதில் தப்புத் தப்பாக எழுதிய மெஷின்கள் நிறைய வந்திருக்கின்றன. கம்பெனிகள் விண்டோஸில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியில் போட்டு ஒட்டிவிடுகின்றன. லினக்ஸ் இதற்காகவே தன்னை விண்டோஸ் என்று ஃபர்ம்வேரிடம் சொல்லிக்கொள்கிறது. 2.6.23 பதிப்பிலிருந்து, "நீ லினக்ஸா?" என்று ஃபர்ம்வேர் கேட்டால் கர்னல் இல்லை என்றே பதில் சொல்லும். லினக்ஸுக்கென்று ஃபர்ம்வேரில் எழுதிவைத்த பகுதிகளை யாரும் சோதித்துப் பார்த்ததே கிடையாது, அதற்குள் நுழைவதை விட விண்டோஸ் போகிற பாதையிலேயே போவது பத்திரம். இந்த முடிவு எனக்கு முழுச் சம்மதம்.

அப்புறம் நடந்ததில்தான் எனக்கு வருத்தம். 2022-ல் ஒரு திருத்தம் வந்தது: ஏஎம்டி ஜென் (ரைசன்களுக்குள் இருக்கும் வடிவமைப்பு) சிப் எதுவாக இருந்தாலும் டிஎஸ்டிடி சொல்வதையே நம்பு. ரைசன் 6000 கீபோர்டுகள் உயிர்பெற்றன. ஆனால் நேற்றுவரை ஒழுங்காக ஓடிய வேறு சில ஜென் லேப்டாப்களில் கீபோர்டு நின்றுபோனது, அவற்றின் டிஎஸ்டிடி பொய். உடனே அவற்றுக்கு விதிவிலக்கு, மாடல் பெயர் போட்டு ஒரு பட்டியல். இன்டெல் பக்கமும் இதே கதை. ஆசுஸ் விவோபுக் மாடல்கள் சில டிஎஸ்டிடியில் லெவல், கீழே என்று சரியாகச் சொல்லியும் கர்னல் மாற்றிவிட்டதால் அவற்றுக்கும் ஒரு பட்டியல். 2023-ல் அந்த ஜென் விதியையே நீக்கிப் பார்த்தார்கள், வழக்கமான அப்டேட் போட்ட பலருக்குக் கீபோர்டு போனது, சில வாரங்களில் விதி திரும்ப வந்தது. கடைசியாக நிலைத்தது இதுதான்: ஜென் மெஷினில் கீபோர்டைப் பற்றி எம்ஏடிடி ஏதாவது சொன்னால் அதைக் கேள், சொல்லாவிட்டால் டிஎஸ்டிடியைக் கேள். நியாயமான விதி. முதலிலேயே இப்படி இருந்திருக்கலாம்.

இந்தத் திருத்தங்களை எழுதியவர்களில் பலர் தங்களிடம் இல்லாத மெஷினுக்காக, முகம் தெரியாத யாரோ அனுப்பிய பதிவை வரி வரியாகப் படித்து எழுதுகிறார்கள். அந்த உழைப்புக்குப் பெரிய கும்பிடு. என் குறை அவர்கள் மேல் அல்ல, எந்த அட்டவணையை நம்புவது என்று விதி மேல் விதி போடும் முறையின் மேல். அட்டவணை இரண்டும் ஃபர்ம்வேர் எழுதியவை, இரண்டும் பொய் சொல்லலாம். கம்பியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று கர்னல் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முடியாததைக் கேட்கவில்லை, ஏனென்றால் கர்னல் வேறு இடங்களில் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பழைய டைமர் இன்டரப்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேர் சொன்ன இடத்தில் அதை இணைத்துவிட்டு, கர்னல் கொஞ்ச நேரம் காத்திருந்து கடிகாரம் நகர்ந்ததா என்று பார்க்கும். நகரவில்லையென்றால் டைமர் அந்த இடத்தில் இணைக்கப்படவில்லை, இது பயாஸின் (ஃபர்ம்வேரின்) பிழை என்று பதிவில் எழுதிவிட்டு அடுத்த வழி, அதற்கடுத்த வழி என்று முயன்று பார்க்கும். எதுவும் ஒத்துவராவிட்டால்தான் நிற்கும், நிற்கும்போதும் எந்தக் கட்டளை கொடுத்து மறுபடி ஏற்றிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நிற்கும். என்விஎம்ஈ என்ற வேகமான டிஸ்க்கிலும் அப்படித்தான். கொடுத்த வேலைக்கு 30 நொடியில் பதில் இன்டரப்ட் வரவில்லையென்றால் வேலை முடிந்துவிட்டதா என்று டிரைவர் (அந்தக் கருவியை ஓட்டும் கர்னல் பகுதி) தானே போய்ப் பார்க்கிறது, முடிந்திருந்தால் இன்டரப்ட் வராமல் நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று பதிவில் எழுதுகிறது. டிஸ்க்கைத் தொலைப்பதில்லை.

அழைப்பு அளவுக்கு மீறி வந்தாலும் கர்னலிடம் வழி இருக்கிறது. லெவல் கம்பியை மேல் கீழ் மாற்றி அமைத்துவிட்டால் அது எப்போதும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், சிபியூ வேறு வேலை பார்க்க முடியாது. ஒரு கம்பியில் வந்த 100000 இன்டரப்டில் 99900-க்கு மேல் யாரும் உரிமை கோரவில்லையென்றால் "யாரும் கண்டுகொள்ளவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தியை எழுதிவிட்டு அந்தக் கம்பியை மட்டும் மூடிவிடும். மூடிய பிறகும் கைவிடுவதில்லை, நொடிக்குப் பத்து முறை அந்தக் கம்பியில் இருக்கும் டிரைவர்களைப் போய் எட்டிப் பார்க்கச் சொல்கிறது. கருவி மெதுவாகவாவது ஓடும். மெஷின் பிழைக்கிறது, ஒரு கம்பி மட்டும் தளர்கிறது. இதை எழுதியவர்களுக்கு இரண்டு மதிப்பெண் தனியாகக் கொடுக்கலாம்.

அதிகமாக வரும் இன்டரப்டுக்கு இவ்வளவு ஏற்பாடு வைத்திருக்கும் கர்னல், வரவே வராத கீபோர்டு இன்டரப்டைக் கண்டுகொள்ளாமல் விடுகிறது. கீபோர்டுக் கட்டுப்பாட்டுச் சிப்பில் ஒரு நிலைப் பதிவேடு இருக்கிறது, படிக்காத எழுத்து உள்ளே காத்திருந்தால் அதில் ஒரு பிட் ஏறி நிற்கும். எழுத்து காத்திருக்கிறது, இன்டரப்ட் வரவில்லை. இதை விட என்ன சாட்சி வேண்டும்? மெஷின் ஏறிய முதல் சில நிமிடங்களுக்கு அவ்வப்போது அந்தப் பிட்டைப் பார்த்து, இப்படி ஒரு நிலை இருந்தால் கம்பியை மறுபக்கம் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம், அதுவும் ஒத்துவராவிட்டால் நேரில் படித்துக்கொண்டே இருக்கலாம். மனிதர் தட்டும் வேகத்துக்கு அது தாராளமாகப் போதும், பேட்டரியில் கொஞ்சம் கரையும், கீபோர்டே இல்லாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். மாடல் பெயர்ப் பட்டியலில் நம் லேப்டாப் ஏறும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டியல் என்றால் யாரோ ஒருவர் முதலில் மாட்டிக்கொண்டு, பதிவு எடுத்து அனுப்பி, திருத்தம் எழுதப்பட்டு, அது உபுண்டுவுக்கோ டெபியனுக்கோ வந்துசேர வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஆயா அதுவரை என்ன செய்வார்?

பயனர் கையில் ஒரு சாவி கொடுப்பதிலும் கர்னல் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. பவர், பேட்டரி, லேப்டாப் மூடி சம்பந்தப்பட்ட ஏசிபிஐ இன்டரப்ட் வழக்கமாக எண் 9. அதை லெவலா எட்ஜா, மேலா கீழா என்று மாற்ற ஏற்றும்போதே கொடுக்கும் கட்டளை இருக்கிறது. ஏஎம்டி மெஷின்களில் ஐவிஆர்எஸ் என்ற அட்டவணையில் இன்டரப்ட் சிப்பையே எழுத மறந்துவிட்ட ஃபர்ம்வேர்கள் உண்டு, அதையும் கட்டளையால் எழுதிக் கொடுக்கலாம். கீபோர்டுக் கம்பிக்கு அப்படி நேரான கட்டளை இல்லை. டிஎஸ்டிடியைக் கழற்றி, திருத்தி, மெஷின் ஏறும்போது கர்னல் படிக்கும் கோப்பில் சேர்த்துக் கொடுக்கலாம், ஆனால் கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் ஏற்றும் செக்யூர் பூட் போட்டிருந்தால் கர்னல் அந்த அட்டவணையை ஏற்காது. பாதுகாப்புக்காக அப்படி வைத்தது சரிதான். அப்படியென்றால் பாதுகாப்பைக் கழற்றாமல் கீபோர்டை மட்டும் சரிசெய்ய ஒரு சின்னக் கட்டளை வைத்திருக்க வேண்டும், அதுதான் இங்கே விடுபட்டிருக்கிறது.

எண் 9-ஐப் பற்றிச் சொன்னேன், அது இங்கே தென்னாப்பிரிக்காவில் எவ்வளவு முக்கியம் என்று வேறு ஊர்க்காரருக்குத் தெரியாது. டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கும் நண்பர் ஒருவரின் லேப்டாப்பில் அந்தக் கம்பி ஓயாமல் கூப்பிட, கர்னல் மேலே சொன்னபடி அதை மூடிவிட்டது. 2023-ல் லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்த காலம், ஒரு நாளில் பல தடவை கரண்ட் போய்வரும். சுவரில் கரண்ட் போனது லேப்டாப்புக்கு உடனே தெரிய வேண்டும், தெரிந்தால்தான் திரை வெளிச்சத்தைக் குறைக்கும், தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கும். கம்பி மூடியிருந்தால் அந்தச் செய்தி நேரத்துக்கு வராது, மூடியைச் சாத்தினாலும் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். மெஷினைக் காப்பாற்ற கர்னல் செய்தது சரி. ஆனால் அதைச் செய்துவிட்டு யாரிடம் சொன்னது? பதிவில் ஒரு வரி, அவ்வளவுதான். திரையில் ஒரு மூலையில் "பவர் செய்திகள் தாமதமாக வரும், ஃபர்ம்வேரில் பிழை" என்று ஒரு சின்ன அறிவிப்பு வந்திருந்தால் நண்பர் கணக்குவழக்கு எழுதும்போது கரண்ட் போன தருணத்தைத் தவறவிட்டிருக்க மாட்டார்.

இதில் கர்னலை மட்டும் சொல்லிப் பயனில்லை, டெஸ்க்டாப் செய்பவர்களுக்கும் பங்குண்டு. ஃபர்ம்வேர் பிழை என்று தெரிந்த இடங்களில் கர்னல் "ஃபர்ம்வேர் பக்" என்ற முத்திரையோடு வரியை எழுதுகிறது, நல்ல பழக்கம். யார் தப்பு என்று அதிலேயே தெளிவாகிறது. அந்த முத்திரை உள்ள வரிகளை மட்டும் பொறுக்கி மனிதர் மொழியில் காட்டுவது பெரிய வேலையாக எனக்குத் தோன்றவில்லை. உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் கம்பெனி செய்யும் எஃப்டபிள்யூடிஎஸ் என்ற சோதனைத் தொகுப்பு எம்ஏடிடி போன்ற அட்டவணைகளையும் கர்னல் பதிவையும் அலசி எங்கே கோணல் என்று சொல்கிறது. ஃபர்ம்வேர் எழுதுகிறவர்களுக்கென்று செய்தது என்றாலும் நாமும் இறக்கி ஓட்டலாம், கம்பெனிக்குப் புகார் எழுதும்போது அதன் அறிக்கையை ஒட்டி அனுப்பினால் "கீபோர்டு வேலை செய்யவில்லை" என்று ஒற்றை வரி எழுதுவதை விட மதிப்பாகப் பார்ப்பார்கள்.

கர்னல் யூகிக்கவே கூடாத இடமும் ஒன்று உண்டு, அங்கே அது சரியாக நடந்துகொள்கிறது. மேலே சொன்ன ஐவிஆர்எஸ் கோளாறில், எந்தக் கருவி எந்த இன்டரப்டை அனுப்பலாம் என்று காவல் பார்க்கும் இன்டரப்ட் ரீமேப்பிங்கை நம்பி ஓட்ட முடியாது. கர்னல் அதை அணைத்துவிட்டு அணைத்தேன் என்று எழுதுகிறது. அதன் பிறகு ஒரு கருவியை நேராக விர்ச்சுவல் மெஷினுக்கு (மெஷினுக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு மெஷினுக்கு) கொடுக்கப் போனால் மறுக்கிறது, ஆபத்து தெரிந்தே ஒத்துக்கொள்கிறேன் என்று நாமே தனியாக எழுதிக் கொடுத்தால்தான் விடுகிறது. கீபோர்டுக் கம்பியைத் திருப்பிப் பார்த்தால் கெட்டது ஒன்றும் வராது, காவலை யூகித்து ஓட்டினால் வரும். இந்த வித்தியாசம் தெரிந்து நடப்பதால்தான் இவ்வளவு குறை சொல்லியும் நான்கு மதிப்பெண்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. ரைசன் லேப்டாப் என்றால் பழைய கர்னலோடு வரும் பதிப்பைத் தொடாதீர்கள், 2023 கடைசிக்குப் பிறகு வந்த கர்னல் உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள். எங்கள் வகுப்பு லேப்டாப்பில் கர்னலைப் புதிதாக்கியதுமே தமிழ்99 ஓடத் தொடங்கிவிட்டது. பயாஸ் அப்டேட் வந்திருந்தால் எஃப்டபிள்யூஅப்டி (fwupd) என்ற கருவி வழியாக லினக்ஸிலிருந்தே போடலாம், எல்லாக் கம்பெனியும் அதில் இல்லை, இருப்பவர்களிடம் வாங்குவது நல்லது. 2008-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழுதான பொருளை வாங்கிய 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணமோ மாற்றோ பழுதுபார்ப்போ கேட்கும் உரிமையை நமக்குத் தருகிறது. ஆனால் லினக்ஸ் என்று சொன்னதும் "சிஸ்டத்தை மாற்றிவிட்டீர்கள்" என்று வாதாடும் கடைகள் உண்டு, எங்களுக்கும் அந்தப் பதில் கிடைத்தது. அந்தச் சண்டைக்கே போகாமல் இருக்க ஒரு வழி, டிஸ்க்கில் போடாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யூஎஸ்பி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய், கடையிலேயே டெமோ மெஷினை அதிலிருந்து ஏற்றிக் காட்டச் சொல்வது. டிஸ்க்கில் எதையும் தொடுவதில்லை என்பதால் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஏறியதும் கீபோர்டில் தட்டிப் பாருங்கள், மூடியைச் சாத்தித் திறந்து பாருங்கள், சார்ஜரைப் பிடுங்கி பேட்டரிச் சின்னம் உடனே மாறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் ப்ராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பை (/proc/interrupts) திறந்தால் ஒவ்வொரு கம்பிக்கும் ஓர் எண்ணிக்கை இருக்கும். 1-ம் வரிசை எண்ணிக்கை ஒவ்வொரு தட்டலுக்கும் ஏற வேண்டும். 9-ம் வரிசை சும்மா இருக்கும்போது லட்சக்கணக்கில் ஏறினால் மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.